“நாளையிலிருந்து வேறு ஆளைப் பாருங்கள்”: இது இராஜினாமா ஆகுமா?

கேள்வி: ஐயா, ஹட்டனில் இயங்கும் முத்திரை, நாணயச் சேகரிப்பாளர் சங்கமொன்றின் பொருளாளர் நான். சங்கம் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப்பட்டது. நிர்வாக சபையில் ஒன்பது பேர் இருக்கிறோம். காலஞ்சென்ற உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் சங்கத்துக்குக் கொடுத்த நாணயத் தொகுப்பை வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு விற்று, ஒக்டோபர் மாதக் கண்காட்சிச் செலவைச் சமாளிக்கலாம் என்று தலைவர் சபையில் சொன்னார். செயலாளர் எதிர்த்தார். பேச்சு முற்றி, “அப்படியென்றால் எனக்கு இந்தப் பதவி வேண்டாம், நாளையிலிருந்து வேறு ஆளைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, கூட்டறிக்கைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றிரவு சபையின் வட்ஸ்அப் குழுவில், “பதவியிலிருந்து விலகுகிறேன். கணக்கு வழக்குகளை ஒப்படைத்துவிட்டு முறைப்படி கடிதம் தருகிறேன்” என்று எழுதினார். மறுநாள் காலை தலைவர், “ஏற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி” என்று பதில் போட்டார். மூன்றாம் நாள், கோபத்தில் சொன்னதை மீளப் பெறுவதாகச் செயலாளர் தலைவருக்குப் பதிவுத் தபாலில் எழுதினார். அதற்கு அடுத்த ஞாயிறு அவருக்கு அறிவிக்காமலே ஐந்து பேர் கூடி, உதவிச் செயலாளரைப் பதில் செயலாளராக நியமித்தோம். நானும் அந்த ஐவரில் ஒருவன். இப்போது வங்கிக்குப் புதிய கையொப்பம் கொடுக்கும் கடிதத்திலும், முதற் கூட்டத்துக்குப் புதிதாக எழுதிய அறிக்கையிலும் என்னைக் கையொப்பமிடச் சொல்கிறார்கள். யார் செயலாளர்? நான் ஒப்பமிடலாமா?

பதில்:

அன்புள்ள பொருளாளர் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய யாப்பின் (சங்கத்தின் அமைப்பு விதிகளின்) பிரதியையும், வட்ஸ்அப் செய்திகளின் படங்களையும், தலைவரின் சுற்றறிக்கையையும் படித்துப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தாள்களின்படி உங்கள் செயலாளர் இன்றும் செயலாளராகவே இருக்கிறார் என்பது என் கருத்து. வங்கிக்கான கடிதத்திலும் புதிய அறிக்கையிலும் நீங்கள் கையொப்பமிடக் கூடாது. அதற்காகச் செயலாளர் செய்த எல்லாமே சரியென்று நினைத்துவிட வேண்டாம். அவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

இப்படியான சண்டைகளில் இரு தரப்பாரும் அன்றைக்கு யார் எப்படிக் கத்தினார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். யாப்பை எடுத்து வாசிப்பவர் குறைவு. உங்கள் யாப்பின் 9ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: “பதவி விலக விரும்பும் உத்தியோகத்தர் அதனை எழுத்து மூலம் செயலாளருக்கு அறிவித்தல் வேண்டும், நிர்வாக சபை ஏற்றுக்கொள்ளும் தினத்திலிருந்து விலகல் நடைமுறைக்கு வரும்.” விலகுபவர் செயலாளராகவே இருந்துவிட்டால் யாரிடம் அறிவிப்பது என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. அவர் தனக்குத் தானே கடிதம் எழுதி, அது கிடைத்ததென்று தானே ஒப்பமிட்டுக் கோப்பில் போட வேண்டும் என்று யாரும் எண்ணி எழுதியிருக்க மாட்டார்கள். (நம் ஊர்ச் சங்கங்களில் அனேகமானவற்றின் யாப்பு இன்னொரு சங்கத்தின் யாப்பைப் பார்த்து எழுதியதுதான், ஓட்டையும் கூடவே வந்துவிடுகிறது.) தலைவரிடமோ சபையிடமோ அறிவித்தால் போதும் என்பதே நியாயமான பொருள்கோடல். ஆகவே, “விலகலைச் செயலாளரிடம் கொடுக்கவில்லை, அதனால் செல்லாது” என்ற வாதத்தைச் செயலாளரின் நண்பர்கள் கைவிட்டுவிடலாம்.

வட்ஸ்அப் செய்தி எழுத்து ஆகாது என்ற வாதமும் நிற்காது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், பிற்பாடு எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்கும் இலத்திரனியல் செய்தியை எழுத்தாக ஏற்கிறது. எனவே அந்தச் செய்தியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். “விலகுகிறேன்” என்று எழுதியவர் அடுத்த வரியிலேயே “முறைப்படி கடிதம் தருகிறேன்” என்கிறார். விலகலைச் சட்டப்படி முடித்துவைக்கும் செயல் இனிமேல்தான் வரப்போகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் வரவேயில்லை. முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றறிக்கையில் போட்டது நேர்மையான காரியமாக எனக்குப் படவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு வரிகளும் ஒரே செய்தியில், ஒரே நேரக் குறிப்புடன் இருக்கின்றன. குழுவின் உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்து இப்போதே பாதுகாத்து வையுங்கள், கைபேசியையும் மாற்ற வேண்டாம். திரையைப் படம் பிடித்த பக்கம் மட்டும் பின்னாளில் போதாமற் போகலாம்.

இதையும் ஒரு பக்கம் வைத்து, அந்தச் செய்தி முழுமையான விலகல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் “நிர்வாக சபை ஏற்றுக்கொள்ளும் தினத்திலிருந்து” என்ற சொற்கள் குறுக்கே நிற்கின்றன. தலைவர் ஒருவர் நிர்வாக சபை அல்லர். காலை ஏழு மணிக்குக் கைபேசியில் அவர் தட்டிய “ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்ற சொல்லுக்கு 9ஆம் பிரிவின் கீழ் எந்தப் பெறுமதியும் இல்லை. சபை கூடியது ஞாயிற்றுக்கிழமை. விலகலை மீளப் பெறும் கடிதம் அதற்கு முன்பே தலைவரின் கைக்கு வந்துவிட்டதை, உங்களிடம் உள்ள தபால் பற்றுச்சீட்டின் திகதியும், அந்தக் கடிதம் கிடைத்ததாகச் சுற்றறிக்கையிலேயே தலைவர் எழுதியிருப்பதும் காட்டுகின்றன. ஏற்றுக்கொள்ளப்பட்டால்தான் விலகல் செல்லும் என்று விதி இருக்கும் இடத்தில், ஏற்பதற்கு முன் அதை மீளப் பெறலாம் என்பது பொதுவான நிலைப்பாடு. ஞாயிறன்று ஏற்றுக்கொள்வதற்கு சபையின் முன் எந்த விலகலும் இருக்கவில்லை.

உங்கள் யாப்பில் அந்தச் சொற்கள் இல்லாதிருந்தால் என் பதில் மாறியிருக்கும். விலகல் என்பது ஒருவர் தாமாகவே செய்யும் காரியம். சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டால், மற்றவர்கள் சம்மதித்தாலன்றித் திருப்பி எடுக்க முடியாது. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகத் தம்மைப் பதிவு செய்துகொண்ட சங்கங்களின் பணிப்பாளர்களுக்கு இது இன்னும் இறுக்கமானது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 207ஆம் பிரிவின்படி, கையொப்பமிட்ட எழுத்து அறிவித்தல் கம்பனியின் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்தில் கிடைத்த நேரத்திலிருந்தோ, அதில் குறித்த பிந்திய நாளிலிருந்தோ விலகல் செல்லுபடியாகும். ஏற்பு என்ற கேள்வியே எழாது. இதைப் படிக்கும் வேறு சங்கத்தார் உங்கள் கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தலைவர் தரப்புக்கும் ஒரு நல்ல வாதம் உண்டு. அவர்களுடைய சட்டத்தரணி அதை எடுப்பார். 1931இல் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட லாட்ச்ஃபோர்ட் பிரீமியர் சினிமா வழக்கில், விலகல் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கம்பனியின் விதிகள் சொல்லியிருந்தும், பொதுக்கூட்டத்தில் வாயால் சொல்லி அங்கேயே ஏற்கப்பட்ட விலகல் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், இத்தகைய விடயங்களில் அவற்றை மதித்தே பார்ப்பார்கள். ஆனால் அங்கே ஏற்றது பொதுக்கூட்டம். அந்த இடத்திலேயே ஏற்றது. உங்கள் கூட்டத்தில் செயலாளர் எழுந்து போனதும் என்ன நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஒருவர் பின்னால் போய் “சேர், வாங்க, உட்காருங்க” என்று கூப்பிட்டிருக்கிறார், தேநீர் வந்திருக்கிறது, கூட்டம் தானாகக் கலைந்திருக்கிறது. ஏற்கிறோம் என்று அங்கே எவரும் சொல்லவில்லை.

இதனால்தான் அந்தப் புதிய அறிக்கை எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. “செயலாளர் தமது பதவியை இராஜினாமா செய்தார், சபை அதனை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது” என்று அதில் இருக்கிறது. நடக்காத தீர்மானம் ஒன்றை, கூட்டம் முடிந்து இரண்டு கிழமைகளுக்குப் பிறகு, பழைய திகதி போட்டு எழுதியிருக்கிறார்கள். சங்க விவகாரம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தத் தாள் நாளைக்கு வங்கியில் காட்டப்பட்டு அதன் பேரில் பணம் நகருமானால், விடயம் சங்க எல்லையைத் தாண்டிக் குற்றவியல் சட்டத்துக்குள் போய்விடும்; அப்போது அதில் ஒப்பமிட்டவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அறிக்கை அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தலுக்கு வரும்போது, நீங்கள் எழுந்து திருத்தம் கோருங்கள். திருத்தம் தோற்றால், உங்கள் மறுப்பைப் பெயருடன் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பற்றி நீங்கள் வருத்தத்துடன் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பேரில் ஐவர் வந்ததால் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) இருந்தது என்பது உண்மைதான். கோரம் இருந்தால் போதாது. கூப்பிட வேண்டிய எல்லோரையும் கூப்பிட்டிருக்க வேண்டும். இலண்டனில் லேடீஸ் இம்பீரியல் கழகம் என்ற மகளிர் கழகத்தில் நிர்வாகக் குழு கூடி உறுப்பினர் ஒருவரை நீக்கியது. குழுவைச் சேர்ந்த ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண்மணி தம்மால் வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் அவருக்கு அறிவித்தல் அனுப்பவில்லை. அந்தக் குறையினால் நீக்கம் செல்லாது என்று 1920இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. வரமாட்டேன் என்றவருக்கே அறிவித்தல் அனுப்ப வேண்டியிருந்தால், எவருடைய பதவியைப் பற்றிப் பேசப் போகிறோமோ அவருக்கு அனுப்பாமல் விட்டதை எப்படி நியாயப்படுத்துவது? அவர் இனிமேல் சபை உறுப்பினரே அல்லர், அதனால் அறிவிக்கவில்லை என்று தலைவர் சொல்கிறார். கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியதை முன்பே முடிந்ததாக வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கூட்டியிருக்கிறார். நீங்கள் அன்று கை உயர்த்தியதால் பெரிய கேடு எதுவும் வந்துவிடவில்லை. அறிவித்தல் குறைபாடு பற்றி இப்போது அறிந்ததால் அந்தத் தீர்மானத்தின்படி செயற்பட மாட்டேன் என்று சபைக்கு ஒரு சிறு கடிதம் கொடுத்து, பிரதியொன்றில் பெற்றதற்கான ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கி விடயம் நீங்கள் அஞ்சுமளவுக்குச் சிக்கலானதல்ல. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவராவது இருவர் ஒப்பமிட வேண்டும் என்பதே இப்போதுள்ள ஒழுங்கு. ஆகையால் மண்டப வாடகை, தபாற் செலவு போன்ற வழமையான கொடுப்பனவுகளை நீங்களும் தலைவரும் ஒப்பமிட்டுச் செய்யலாம். தகராறில் உள்ள கையொப்பத்தைத் தொட வேண்டியதே இல்லை. செயலாளர் யார் என்று வங்கி தீர்ப்புச் சொல்லாது. உறுதிப்படுத்திய தீர்மானப் பிரதி வந்தால் மாற்றும், எழுத்தில் ஆட்சேபம் வந்தால் பெரும்பாலும் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும். கணக்கு முடங்கினால் கண்காட்சியும் முடங்கும் என்பதால், பெயர் மாற்றக் கடிதம் உண்மையிலேயே வங்கிக்குப் போய்விட்டது என்று தெரிந்தாலன்றி அவசரப்பட்டு ஆட்சேபம் எழுத வேண்டாம். உலக அஞ்சல் தினமான ஒக்டோபர் 9ஐ ஒட்டித்தான் நடத்துகிறீர்கள் என்பதால் நாளைத் தள்ளவும் உங்களுக்கு மனம் வராது.

இனிச் செயலாளரிடம் வருகிறேன். கூட்டறிக்கைப் புத்தகம் சங்கத்தின் சொத்து. கோபித்துக்கொண்டு போகும்போது அதை எடுத்துப் போனதும், இன்னும் வீட்டில் வைத்திருப்பதும் தவறு. பதவியில் இருக்கும் செயலாளருக்கும் அதைச் சபையிடமிருந்து மறைத்து வைக்கும் உரிமை கிடையாது. “புத்தகம் என் கையில் இருக்கும் வரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக முதலில் எடுத்து வைக்கப்படும் வாசகம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் இரு தரப்புக்கும் பொதுவானவராக இருப்பதால், அவரிடம் போய், கடைசியாக எழுதிய பக்கம் வரை ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் முதலெழுத்துப் போட்டு, கீழே கோடிட்டு மூடி, முன்னாள் தலைவர் ஒருவரின் பொறுப்பில் விடச் செய்யுங்கள்.

உண்மையான சண்டை பதவியைப் பற்றியதல்ல, அந்தத் தொகுப்பைப் பற்றியது என்பது உங்கள் கடிதத்தை வாசிக்கும் எவருக்கும் புரியும். அதிலும் செயலாளரின் கவலை நியாயமானது. தொகுப்பில் கோப்பித் தோட்டக் காலத்துக் கூலி வில்லைகளும், விக்டோரியா கால முத்திரைகள் சிலவும், ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம் பொறித்த செப்புக் காசுகளும் இருப்பதாக நீங்கள் அனுப்பிய பட்டியல் சொல்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என வகுக்கிறது. அவற்றை அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டை விட்டு அனுப்ப முடியாது. கோப்பித் தோட்ட வில்லைகளும், இந்நாட்டின் முதல் தபால் முத்திரை 1857இல் வெளியானது என்பதால் முத்திரைகளும், அந்த எல்லைக்குள் வரா. ஒல்லாந்தர் இத்தீவின் கரையோரத்தை 1796இல் இழந்தார்கள். அவர்களுடைய காசுகள் வரும். ஆகவே வெளிநாட்டு வாங்குநர் என்ற பேச்சு எழுந்த கணமே தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி பற்றிய கேள்வியும் எழுந்திருக்க வேண்டும். பொருளாளர் என்ற முறையில் அந்தப் பணத்தை வாங்கி வரவு வைக்கப் போகிறவர் நீங்கள்தான்.

தீர்வுக்கு வழி விசேட பொதுக்கூட்டம்தான். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் கையொப்பமிட்டுக் கேட்டால் பதினான்கு நாள் அறிவித்தலுடன் அதைக் கூட்ட வேண்டும் என்று உங்கள் யாப்பின் 11ஆம் பிரிவு சொல்கிறது. அறிவித்தலைச் செயலாளர் அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. எந்தச் செயலாளர்? இருவரும் ஒரே அறிவித்தலில், “எவருடைய உரிமைக்கும் பாதகமின்றி” என்ற குறிப்புடன் ஒப்பமிடட்டும். இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தையும் செல்லாததாக்க ஒருவர் கிளம்புவார். உறுப்பினர் இடாப்பைத் தகராறு தொடங்கிய நாளுக்கு முந்திய நிலையில் நிறுத்துங்கள்; நிலுவைச் சந்தாவை மொத்தமாகக் கட்டிப் புது ஆட்களைக் கொண்டுவருவது பழைய தந்திரம்.

அறிவித்தல் அனுப்பும் விடயத்தில் மலையகச் சங்கங்களுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. உங்கள் உறுப்பினர் பலர் நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே மேசையில் கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போகும்போதுதான் கைக்கு வரும். பதினான்கு நாள் என்று யாப்பு சொன்னாலும் இருபத்தைந்து நாளாவது விடுங்கள். தபாலோடு நிற்காமல் தொலைபேசியில் அழைத்தும் சொல்லி, யாருக்கு எப்போது சொன்னோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் செயலாளர் பதவி பற்றிய விடயம் எடுக்கப்படும்போது தலைவர் நாற்காலியில் இருக்கக் கூடாது. தற்காலிகத் தலைவர் ஒருவரைத் தெரிந்து இரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். செயலாளரை நீக்கப் பெரும்பான்மை விரும்பினால், 10ஆம் பிரிவின்படி காரணம் காட்டி, அவருக்குப் பதில் சொல்ல இடம் கொடுத்து நீக்கட்டும். அந்த வழி தலைவருக்கு முதல் நாளிலிருந்தே திறந்திருந்தது. அதை விட்டுக் குறுக்கு வழியில் போனதைப் பார்த்தால், பொதுக்கூட்டத்தில் எண்ணிக்கை தம் பக்கம் இராது என்று அவர் கணித்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.

பொதுக்கூட்டத்துக்கும் ஒத்து வராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தச் சபை முன் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. நீங்களே பேச வேண்டும், அது இந்த வழக்குக்கு நல்லது. மாவட்ட நீதிமன்றம் கடைசி வழி. உங்கள் சங்கத்துக்குச் சட்டத்தில் தனி ஆளுமை இல்லாதபடியால், குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவின் கீழ் அனுமதி பெற்று, எல்லா உறுப்பினர்களின் சார்பிலும் சிலர் வழக்காட வேண்டி வரும். அது முடிவதற்குள் இரண்டு நிர்வாக சபைகளின் தவணைகள் கடந்துவிடும். பிரதேச செயலகத்துக்கு மனுப் போடும் யோசனையையும் விடுங்கள். பெயர்ப் பட்டியலைக் கோப்பில் இடுவார்களே தவிர, யார் செயலாளர் என்று அவர்கள் தீர்க்கப் போவதில்லை.

நீங்கள் அனுப்பிய யாப்பின் பிரதியில் 7ஆம் பக்கம் இல்லை. உள்ளடக்கத்தைப் பார்த்தால் சங்கச் சொத்துக்களும் அறங்காவலர்களும் பற்றிய பிரிவு அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. தொகுப்பை விற்க யாருடைய சம்மதம் வேண்டும் என்பதை அதைப் பார்க்காமல் என்னால் சொல்ல இயலாது. அந்தப் பக்கத்தையும், நன்கொடை கொடுத்தபோது குடும்பத்தார் எழுதிய கடிதம் ஏதும் இருந்தால் அதன் பிரதியையும் அனுப்புங்கள். அதுவரை தொகுப்பு இருக்கும் அலுமாரியின் திறப்பு உங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சட்டத்தரணி